மோன்டே கார்லோ ஈபிடி: பார்க்க நாலரை, போய் ஆட இரண்டு

ஊர் ஊராகச் சுற்றி நடக்கும் சீட்டாட்டத் தொடரான ஐரோப்பியன் போக்கர் டூரின் (ஈபிடி) மோன்டே கார்லோ மெயின் ஈவென்ட்டுக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் இரண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பார்க்க நாலரை. காசு கட்டிப் போய் ஆட, அதுவும் புதுச்சேரியிலிருந்து கிளம்பிப் போய் ஆட, இரண்டு. பாரிஸை ஒட்டிய சார்செல், செர்ஜி பக்கம் சித்தப்பா வீடோ அத்தை வீடோ இருந்து, கோடை விடுமுறைக்கு எப்படியும் பிரான்ஸ் போகிற குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. "அப்படியே தெற்கே இறங்கி மொனாக்கோவுல ஒரு கை போட்டுட்டு வரலாமே" என்று ரம்மி மேசையில் பேச்சு கிளம்பும்போது, கையில் கணக்கு இருக்கட்டும் என்பதற்காக இது.

முதலில் சரக்கின் பூர்வீகம். ஜான் டூதி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி இயக்குநர் 2000-இல் ஐல் ஆஃப் மேனில் நடந்த போக்கர் மில்லியன் போட்டியில் 10 லட்சம் பவுண்ட் ஜெயித்தார். 2003-இல் அமெரிக்காவில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத்தில் சொற்பக் காசு கட்டி ஆடி, லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குச் சீட்டு பெற்று, 25 லட்சம் டாலரோடு வீடு திரும்பினார். சின்னக் காசுக்குப் பெரிய மேசையில் இடம் என்ற ஆசையை விற்க முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. மறு ஆண்டே போக்கர்ஸ்டார்ஸ் என்ற இணைய போக்கர் நிறுவனத்தின் ஆதரவோடு டூதி ஐரோப்பியன் போக்கர் டூரைத் தொடங்கினார். முதல் போட்டி 2004 செப்டம்பரில் பார்சிலோனாவில். பை-இன், அதாவது உள்ளே நுழையக் கட்டும் காசு, வெறும் 1,000 யூரோ. சுவீடன்காரர் அலெக்சாண்டர் ஸ்டெவிச் ஜெயித்து 80,000 யூரோ வாங்கினார். அங்கிருந்து லண்டன், டப்ளின், கோபன்ஹேகன், டோவில், வியன்னா என்று சுற்றி, 2005 மார்ச்சில் மோன்டே கார்லோவில் சீசனின் கடைசிப் போட்டியான கிராண்ட் ஃபைனல். அங்கே மட்டும் பை-இன் 10,000 யூரோ. 211 பேர் ஆடினார்கள். நெதர்லாந்தின் ராப் ஹாலிங்க் 6,35,000 யூரோ எடுத்தார்.

அதற்குப் பிறகு ஏறிய வேகம் அசாத்தியமானது. 2006-இல் 298 பேர்; ஜெஃப் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க இளைஞருக்கு 9 லட்சம். அப்போது அவருக்கு வயது 19. லாஸ் வேகாஸ் காசினோவில் 21 ஆகாதவரை மேசைப் பக்கமே விட மாட்டார்கள். மொனாக்கோவில் 18 போதும். 2007-இல் 706 பேர். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகத் தலைமுடிக்கு ரோஸ் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்த கேவின் கிரிஃபின் 18 லட்சம் யூரோவுக்கு மேல் எடுத்தார். 2008-இல் 842 பேர். கிளென் சோர்னிக்கு 20 லட்சத்து 20 ஆயிரம். 2009-இல் 935 பேர். பீட்டர் டி கோர்வருக்கு 23 லட்சம். பை-இன் 10,000-ஐ ஒட்டி இருந்த காலத்தின் உச்சம் அந்த ஆண்டுதான். இத்தனை பேரில் பலர் முழுக் காசு கட்டி வந்தவர்கள் கிடையாது. இணைய சாட்டிலைட் போட்டிகளில் சின்னத் தொகைக்குச் சீட்டு ஜெயித்து வந்தவர்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இறக்கம் 2010-களில். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்களை அங்கே முடக்கியது. அந்த ஆண்டு கிராண்ட் ஃபைனலே மோன்டே கார்லோவை விட்டு மாட்ரிடுக்குப் போயிற்று. 2012-இல் திரும்பி வந்தாலும், 2013-இல் 531 பேர், 2015-இல் 564 பேர் என்று கூட்டம் மெலிந்தது. 2016-இல் பை-இன்னைப் பாதியாக்கி 5,300 யூரோ என்று வைத்தார்கள். உடனே 1,098 நுழைவுகள். முதல் பரிசு மட்டும் 9,61,800-க்கு இறங்கியது; வாங்கியவர் ஸ்லோவாக்கியாவின் யான் பெண்டிக். 2017-இல் யாரோ ஒரு புத்திசாலிக்குப் பெயரை மாற்றத் தோன்றி, ஈபிடி என்ற பெயரையே எடுத்துவிட்டு 'போக்கர்ஸ்டார்ஸ் சாம்பியன்ஷிப்' ஆக்கினார்கள். பதின்மூன்று சீசன் சேர்த்த பெயரைத் தூக்கிப் போட்டால் ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 2018-இல் பழைய பெயரே திரும்பி வந்தது. கொரோனா இடைவெளிக்குப் பிறகு 2022-இல் 1,073 நுழைவுகள். 2024-இல் 1,208, டெர்க் வான் லைக்குக்கு 10 லட்சம் யூரோ.

இங்கேதான் வாங்குகிறவர் கவனிக்க வேண்டும். 2009-இல் சொன்ன 935-ம் 2024-இல் சொல்லும் 1,208-ம் ஒரே அளவுகோலில் அளந்தவை இல்லை. பழைய நாட்களில், காசுக்குப் பதில் மேசையில் வைத்து ஆடும் சில்லு ஒருமுறை தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான். இப்போது ரீ-என்ட்ரி உண்டு. நம் 201 ரம்மியில் அவுட் ஆனவர் மறுபடி காசு கட்டி ரீஜாயின் ஆகிறாரே, அதேதான். ஒரே ஆள் இரண்டு முறை கட்டினால் இரண்டு நுழைவு. ஆகவே '5,300 யூரோ போட்டி' என்பது விளம்பரப் பலகையில் உள்ள விலை. எதிரில் இருப்பவர் 10,600 செலவழிக்கத் தயாராக வந்திருந்தால், அவர் முதல் நாளில் துணிந்து எல்லாச் சில்லையும் தள்ளலாம். போனால் மறுபடி வாங்குவார். ஒரே ஒரு 5,300-ஐ மட்டும் கொண்டு வந்தவரால் அப்படி ஆட முடியாது. பயந்து ஆடுகிறவரிடமிருந்து மேசை நடுவே குவிந்த பந்தயத்தைப் பறிப்பதுதான் அனுபவசாலிகளின் பிழைப்பே. விலையைப் பாதியாக்கினோம் என்று சொன்னாலும், சரியாக ஆட வேண்டும் என்றால் பழைய விலையைத்தான் மடியில் கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

நடத்துநர் எடுக்கும் பங்கையும் பாருங்கள். 2009-இல் 10,600-இல் 10,000 பரிசுக் குவியலுக்கு, 600 கட்டணம். நூற்றுக்கு 6-க்கும் கீழே. 2024-இல் 5,300-இல் சுமார் 4,850 குவியலுக்கு, 450 கட்டணம், நூற்றுக்கு எட்டரை. ரீ-என்ட்ரிக்கும் இதே கட்டணம் மறுபடி. முதல் பரிசின் பங்கும் குறைந்திருக்கிறது: 2009-இல் குவியலில் கால் பங்கை ஒட்டி ஜெயித்தவருக்குப் போனது, 2024-இல் 17 விழுக்காடு. மீதி கீழ் இடங்களுக்குப் பரவியிருக்கிறது, அது புதியவருக்கு நல்லதே. இறுதி மேசையில் மிஞ்சியவர்கள் தங்களுக்குள் பேசி 'டீல்' போட்டுப் பரிசைப் பிரித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. அதனால் பழைய முடிவுப் பட்டியல்களில் இரண்டாம் இடத்தவர் முதலாமவரைவிட அதிகம் வாங்கியதாகத் தெரிந்தால் அச்சுப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆட்ட அமைப்புக்கு மட்டும் குறை சொல்ல முடியாது. 30,000 சில்லோடு தொடங்குகிறீர்கள். பிளைண்ட் 100/200 இருக்கும்போது அது 150 பெரிய பிளைண்ட். ஒரு கட்டம் ஒரு மணி நேரம், பின் நாட்களில் அதற்கும் மேல். ஒரு மணிக்கு 25, 30 கை வரும். நல்ல சீட்டு வரும்வரை மடக்கி வைக்க நேரம் இருக்கிறது என்று அர்த்தம். பிளைண்ட் தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் தொகை, ஒருவர் சின்னது, அடுத்தவர் பெரியது, சுற்று சுற்றாக இடம் மாறும், கட்டம் கட்டமாக ஏறும். ரம்மியில் முதலிலேயே டிராப் செய்தாலும் புள்ளி ஏறுகிறதல்லவா, இங்கே அந்தச் செலவைப் பிளைண்ட் எடுத்துக்கொள்கிறது. ஆன்டி என்ற சின்னக் கட்டணத்தை முன்பு மேசையில் உள்ள எல்லோரும் தனித்தனியாக வைத்தார்கள். டீலர் ஒவ்வொருவரிடமும் "சார், ஆன்டி" என்று கேட்டு, சில்லறை மாற்றி, யார் வைக்கவில்லை என்ற தகராறைத் தீர்ப்பதற்குள் கை ஆடும் நேரம் போய்விடும். இப்போது பெரிய பிளைண்ட் வைப்பவரே மேசை முழுவதற்கும் சேர்த்து வைத்துவிடுகிறார். அண்மைக் காலத்தில் வந்த மாற்றங்களில் உருப்படியானது இதுதான்.

இந்தப் போட்டியின் தரத்தை எடை போட ஒரு கட்டம் போதும்: பரிசு எல்லைக்கு ஒரே ஒரு ஆள் மிச்சம் இருக்கும் நேரம். ஏழில் ஒருவருக்குப் பரிசு என்பது தோராயக் கணக்கு. அந்த எல்லைக்கு வெளியே கடைசியாகப் போகிறவர் வெறுங்கையோடு போவார். அதனால் சில்லு குறைந்தவர்கள் மற்ற மேசையில் யாராவது விழட்டும் என்று வேண்டுமென்றே இழுத்தடிப்பார்கள். அதைத் தடுக்க 'ஹேண்ட்-ஃபார்-ஹேண்ட்' அறிவிக்கப்படும். அத்தனை மேசையும் ஒரே ஒரு கை ஆடி நிறுத்த வேண்டும். எங்காவது ஒருவர் எல்லாச் சில்லையும் வைத்து ஆல்-இன் ஆகிவிட்டால் டீலர் எழுந்து நிற்பார், சீட்டைத் திறக்க மாட்டார். மற்ற மேசைகள் எல்லாம் முடிந்து, ஆட்ட விதிகளைப் பார்த்துக்கொள்ளும் ஃப்ளோர் அதிகாரி வந்து, கேமராவும் வந்த பிறகுதான் சீட்டு மல்லாக்கப்படும். ஒருவர் இஸ்பேட் ஆசும் ராஜாவும் வைத்துக்கொண்டு ஐந்தாறு நிமிடம் சும்மா நிற்பார். எதிரில் ஜோடி ராணி வைத்திருப்பவருக்கும் அதே நிலை. கிட்டத்தட்ட சரிபாதி வாய்ப்பு, 5,300 யூரோவும் பல நாள் உழைப்பும், மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் அந்த ஐந்து சீட்டில். மோன்டே கார்லோவில் இதை நடத்தும் ஒழுங்கு கச்சிதமாக இருக்கிறது. சின்ன ஊர்ப் போட்டிகளில் ஒரு மேசை முந்திக்கொண்டு சீட்டைத் திறந்துவிட்டு, அப்புறம் யார் முதலில் விழுந்தது என்று சண்டை நடக்கும்.

புதியவர்கள் காசை விடுவது பெரும்பாலும் சீட்டால் அல்ல, நடைமுறையால். எதிராளி பந்தயம் வைத்த பிறகு ஒற்றைப் பெரிய சில்லை எடுத்து வாய் திறக்காமல் போட்டால் அது 'கால்' மட்டுமே, அதாவது அவர் வைத்த அளவுக்கு ஈடுகட்டுவது, எவ்வளவு மதிப்பாக இருந்தாலும் சரி. ஏற்ற நினைத்தால் சில்லு மேசையைத் தொடும் முன் "ரெய்ஸ்" என்று சொல்ல வேண்டும். இரண்டு தவணையாகச் சில்லைத் தள்ளினால் முதல் தள்ளு மட்டும் செல்லும். வாயால் சொன்னது கட்டுப்படுத்தும்: 2011 மாட்ரிட் கிராண்ட் ஃபைனலில் ஒருவர் "ரெய்ஸ்" என்று சொல்லிவிட்டு, கால் என்றுதான் சொல்ல வந்தேன் என்று தடுமாறினார். ஃப்ளோர் குறைந்தபட்ச ரெய்ஸாவது வைத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல, எதிராளி அவர் கை பலவீனம் என்று நம்பிக் காசு கட்டினார். தடுமாறியவரிடம் இருந்ததோ ஃபுல் ஹவுஸ் என்ற பலமான கை. தடுமாற்றம் நிஜமா நடிப்பா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எதிராளி வாயில் வருவதை வைத்துக் கணக்குப் போடாமல், மேசையில் விழுந்த சில்லை வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. இன்னொன்று, கை நடக்கும்போது அனுமதித்த மொழியில்தான் பேச வேண்டும். கயிற்றுக்கு அப்பால் நிற்கும் மச்சானிடம் "என்னடா, கட்டலாமா?" என்று தமிழில் கேட்டால், விளையாட்டாகக் கேட்டாலும், அபராதமாக ஒரு சுற்று வெளியே உட்கார வைக்கலாம். கைபேசியும் கையில் இருக்கக் கூடாது. உங்கள் இரண்டு சீட்டின் மேல் ஒரு சில்லை வைத்துப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். டீலர் தவறி அள்ளிவிட்டால் திரும்பக் கிடைக்காது.

இடம் ஸ்போர்ட்டிங் மோன்டே-கார்லோ, கடலை ஒட்டி. ஷார்ல் கார்னியே கட்டிய பழைய காசினோ மாளிகையில் ஆடப் போகிறோம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள்; அது ஊரின் இன்னொரு மூலை. இரண்டுமே 1863-இல் தொடங்கிய சொசியேத்தே தே பேன் தெ மேர் நிறுவனத்தின் சொத்து. ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் என்பதால் கார் பந்தயத்துக்கான தடுப்புகளும் பார்வையாளர் மேடைகளும் சாலையோரம் எழும்பிக்கொண்டிருக்கும், நடக்கிற வழி மாறும். தங்குவதற்கு மொனாக்கோவுக்குள் பார்க்காதீர்கள். மேட்டுக்கு மேலே ஒட்டியிருக்கும் பிரெஞ்சு ஊரான போசொலேய் மலிவு. நீஸ் இன்னும் மலிவு. நீஸிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் வந்துவிடலாம். ஆனால் முதல் நாள் ஆட்டம் நள்ளிரவை ஒட்டி முடியும். கடைசி ரயில் நேரத்தைப் பார்க்காமல் நீஸில் அறை போட்டால், மிச்சப்படுத்தியது டாக்சிக்குப் போகும். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் அசல் வேண்டும்.

இனி பணம் போகிற வழி. போக்கர்ஸ்டார்ஸ் சாட்டிலைட்டில் சின்னக் காசுக்குச் சீட்டு ஜெயித்துப் போகலாம் என்ற பழைய கதை இங்கே வசிப்பவர்களுக்கு முடிந்துவிட்டது: பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. 2009-இன் 935 பேரை உருவாக்கிய கதவு அது. அது மூடிய பிறகு முழு விலைதான், அதாவது யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலும் 5 லட்சத்து 30 ஆயிரம். அதை எடுத்துப் போவதும் லேசில்லை. வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர்தான் வாங்க முடியும், பை-இன்னுக்கே பற்றாது. லாட்டரி, ஸ்வீப்ஸ்டேக்ஸ் போன்றவற்றுக்கு இங்கிருந்து பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் இடமில்லை. போக்கர் பை-இன்னை வங்கி எந்தக் கணக்கில் சேர்க்கும் என்பதைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரான்ஸ் எல்லைகளில் 10,000 யூரோவும் அதற்கு மேலும் ரொக்கமாக வைத்திருந்தால் அறிவிக்க வேண்டும், ஜெயித்துவிட்டுத் திரும்பும்போதும்தான். பெரிய ரொக்கத்தின் ஆபத்தை ஈபிடி நேரிலேயே பார்த்திருக்கிறது: 2010 மார்ச் 6 அன்று பெர்லினில் போட்டி நடந்த கிராண்ட் ஹயாத் ஓட்டலில் முகமூடிக் கும்பல் புகுந்து 2,42,000 யூரோவை அள்ளிச் சென்றது.

வரியும் உண்டு. கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட்டே இருந்தாலும், வருமான வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர் என்றால் சீட்டாட்ட வருமானத்துக்கு 30 விழுக்காடு, அதன் மேல் 4 விழுக்காடு செஸ், கூட்டினால் 31.2. வேறு வருமானம் எதுவும் இல்லாவிட்டாலும் அடிப்படை விலக்கு கிடைக்காது. செலவு எதையும் கழிக்க விடாது. கடைசிப் பரிசு எல்லையில் 8,500 யூரோ கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். வரி 2,652 போக 5,848. பை-இன்னைக் கழித்தால் மிச்சம் 548 யூரோ. சென்னையிலிருந்து நீஸ் போய்வர விமானச் சீட்டே அதற்கு மேல் ஆகிவிடும். ஒருமுறை ரீ-என்ட்ரி எடுத்திருந்தால் பரிசு வாங்கியும் கையைக் கடிக்கும். ஆடிட்டரிடம் போகும்போது பை-இன் ரசீது, பரிசுச் சான்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து அறையில் நடக்கும் 1,00,000 யூரோ சூப்பர் ஹை ரோலர் நமக்குச் சம்பந்தமில்லாத உலகம். அதற்கும் மேலே, 2016 அக்டோபரில் மோன்டே கார்லோவில் ஒன் டிராப் அறக்கட்டளைக்காக நடந்த போட்டிக்குப் பை-இன் 10 லட்சம் யூரோ. தொழில்முறை ஆட்டக்காரர்களை உள்ளேயே விடவில்லை, பணக்காரப் பொழுதுபோக்குக்காரர்கள் மட்டும். எல்டன் சாங் 1,11,11,111 யூரோ வாங்கினார். ஈபிடி அட்டவணைக்குள் அது சேராது, ஆனாலும் 'மோன்டே கார்லோவில் ஒரு கோடி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலின் மூலம் அதுதான்.

பார்ப்பதற்கு ஏன் நாலரை? யூடியூபில் காசில்லாமல் கிடைக்கிறது, எல்லோருடைய மூடிய சீட்டும் திரையில் தெரிகிறது. மேசைக்கு அடியில் உள்ள உணரி சீட்டுக்குள் பதித்த மின்னணுச் சிப்பைப் படித்துவிடும். யாரும் வெளியிலிருந்து சைகை காட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒளிபரப்பைத் தாமதித்து விடுகிறார்கள். மொனாக்கோவில் அப்போது கோடை நேரம், நம்மைவிட மூன்றரை மணி பின்னால். அங்கே மதியம் 12 மணி ஆட்டம் இங்கே மூன்றரைக்கு. அரை மதிப்பெண் குறைத்தது, காட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு மேசை என்பதால். நல்ல கை அடுத்த மேசையில் நடந்தால் போயே போச்சு. மணிக்கணக்கில் பார்க்கப் பொறுமை இருந்தால் 2014 மோன்டே கார்லோவில் அந்தோனியோ புவொனானோவும் ஜாக் சால்ட்டரும் மோதிய கடைசி இருவர் ஆட்டத்தைப் பாருங்கள். இருவரிடமும் பிளைண்டோடு ஒப்பிட்டால் சில்லு மலைபோல் இருந்ததால் யாரும் அவசரப்படவில்லை. பொறுமை இல்லாதவர்களுக்கு அதே ஆண்டு சான் ரெமோ. 2006-இல் லண்டனில் ஜெயித்து ஈபிடியின் முதல் பெண் சாம்பியன் ஆன விக்டோரியா கோரன், அங்கே 4,76,100 யூரோ வாங்கி, இரண்டு முறை ஜெயித்த முதல் ஆள் என்ற பெயரும் எடுத்தார். அதற்கு முன் ஒன்பது சீசன் ஆண்கள் முயன்றும் நடக்காதது. பிறகு மிக்கலாய் போபல், 2023-இல் மோன்டே கார்லோவிலேயே மைக் வாட்சன் என்று அந்த வரிசை நீண்டது. இறுதி நாள் பதிவைப் பார்க்கும்போது திரையில் தெரியும், ஜெயிக்கும் வாய்ப்பைச் சொல்லும் விழுக்காட்டு எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, நீங்களே முதலில் முடிவெடுத்துப் பிறகு திறந்து பாருங்கள்.